சிட்லிங் பள்ளத்தாக்குக்கு வந்த இரண்டு டாக்டர்கள்

மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ ஒண்ணு போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

"சார், சிட்டி வாழ்க்கை போதும்னு ஆயிடுச்சு. தர்மபுரி பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிட்டு வந்துடலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?"

இந்த மெசேஜ் எனக்கு அடிக்கடி வருது. 2020 ஊரடங்குக்கு அப்புறம் ரொம்பவே அதிகம். நான் இருப்பது கடத்தூர். அதனால் போர் எத்தனை அடி, மழை எப்படி, தென்னை வருமா, மா வருமா என்று எல்லாம் கேட்பாங்க. கடைசி வரியில் தயங்கித் தயங்கி ஒண்ணு வரும்: "பக்கத்துல நல்ல ஆஸ்பத்திரி இருக்குல்ல சார்?"

இன்னொரு பக்கம் ஜூனியர் டாக்டர்கள். "அண்ணே, போஸ்டிங் கவுன்சிலிங் வருது. மலைப்பகுதி எடுக்கட்டுமா, இல்ல சென்னைக்குப் பக்கத்துல பாக்கட்டுமா?"

ரெண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான். ஒருத்தர் போகும் ஊரில் டாக்டர் இருப்பாரா என்று கேட்கிறார். இன்னொருத்தர் அந்த டாக்டராக நான் போகட்டுமா என்று கேட்கிறார்.

என் கருத்தைச் சொல்வதை விட, எங்க மாவட்டத்திலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லிடறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிக்கிட்டிருக்கும் வரலாறு. இந்தக் கேள்விக்கு அதை விட நேரான பதில் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

கடத்தூரிலிருந்து அரூர் போகணும். அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியா இன்னும் சுமார் 50 கிலோமீட்டர். ஒரு பக்கம் சித்தேரி மலை, இன்னொரு பக்கம் கல்ராயன் மலை. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. பேப்பரில் 'சிட்லிங்' என்று எழுதுவாங்க. வெளியூர்க்காரர்கள் 'சிட்டிலிங்கி' என்பார்கள். ரெண்டும் ஒரே ஊர்தான்.

அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். பேரைக் கேட்டு கேரளான்னு நினைச்சிடாதீங்க. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பேர் அது. அவங்க பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவங்க வழிவழியா சொல்லும் கதை. அவங்களோடு லம்பாடி மக்களின் தாண்டாக்களும் உண்டு.

1993-ல் அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு தம்பதி வந்து சேர்ந்தது. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா. இவங்க நிஜமாவே கேரளத்து மலையாளிகள். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது பழக்கம். ரெஜி மயக்க மருந்து நிபுணர். லலிதா மகப்பேறு மருத்துவர். இந்த ரெண்டு துறையும் சேர்ந்து அமைஞ்சதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சிட்லிங் வருவதற்கு முன்னால் அவர்கள் வேலை பார்த்தது திண்டுக்கல் பக்கம் காந்திகிராம மருத்துவமனையில். காந்திகிராமத்துக்கே ஒரு தனிக் கதை இருக்கு. சுருக்கமா சொல்றேன்.

டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம். சின்ன வயசுலயே கல்யாணம். கணவர் டாக்டர். அவர் பிளேக் நோயில் இறந்து போனார். அந்தக் காலத்தில், அந்தக் குடும்பத்தில், இளம் விதவை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனா சௌந்தரம் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரிக்குப் போய் டாக்டர் ஆனார். ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் ரெண்டு பேரும் சேர்ந்து சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மதுரையில் மாளிகையும் காரும் இருந்த வீட்டுப் பெண் எடுத்த முடிவு அது.

அந்த மருத்துவமனையில்தான் ரெஜியும் லலிதாவும் ஒண்ணைக் கவனித்தார்கள். ரொம்ப தூரத்திலிருந்து நோயாளிகள் வருவாங்க. வந்த நோயைப் பார்த்தால் வயிற்றுப்போக்கு மாதிரி, ஊரிலேயே முடிச்சிருக்க வேண்டிய விஷயமா இருக்கும்.

நான் ஓ.பி.யில் தினம் பார்ப்பதுதான் இது. உப்பு சர்க்கரைக் கரைசல் முதல் நாளே கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும் குழந்தை, மூணாவது நாள் கண்ணெல்லாம் உள்ளே போய், தோலைக் கிள்ளினா மடிப்பு அப்படியே நிக்கும் நிலையில் வரும். அது மருத்துவத்தின் தோல்வி இல்லை. தூரத்தின் தோல்வி.

அதுக்கப்புறம் அவங்க செஞ்சது எனக்குப் பிடிச்ச பகுதி. வேலையை விட்டுட்டு உடனே ஒரு கிராமத்தைப் பிடிச்சு உட்காரவில்லை. சுமார் ஒரு வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். எங்கே நம்ம தேவை நிஜமா இருக்கு என்று தேடினார்கள். நிலம் பார்க்கப் போகும் நம்ம ஆட்கள் 'எந்த ஊர் எனக்குப் பிடிக்கும்' என்றுதான் பார்ப்பாங்க. இவங்க கேட்டது 'எந்த ஊருக்கு நான் தேவை' என்று.

தேடிக் கிடைத்த இடம் எங்க மாவட்டம் என்பதில் பெருமைப்பட ஒண்ணுமில்லை. ஏன்னா சிட்லிங் பள்ளத்தாக்கில் அன்றைக்கு இருந்த குழந்தை இறப்பு விகிதம் 1000-க்கு 147.

இந்த எண்ணைச் சும்மா படிச்சுட்டுப் போயிடாதீங்க. உயிரோட பிறக்கும் 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே இறந்து போச்சு என்று அர்த்தம். ஏழு குழந்தை பிறந்தா ஒண்ணு இல்லை. அதே காலத்தில் இந்தியாவின் சராசரி 80-ஐ ஒட்டி. தமிழ்நாட்டின் சராசரி 60-க்கும் கீழே. மாநிலம் முன்னேறியதுன்னு நாம பேசிக்கிட்டிருந்த அதே வருஷத்தில், அதே மாநிலத்துக்குள்ளே ஒரு பள்ளத்தாக்கு இப்படி இருந்தது.

மருத்துவமனை வேணும்னா அரூர், சுமார் 50 கிலோமீட்டர். ஆபரேஷன் என்றால் சேலமோ தர்மபுரியோ, 100 கிலோமீட்டர். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-ல். பிரசவ வலி நின்னுபோன பெண்ணை பஸ்ஸுக்குக் காத்திருந்து கொண்டுபோகணும். கருப்பை வெடித்தால் கைக்குள்ள இருக்கும் நேரம் மணிக்கணக்கு கூட இல்லை. சில நேரம் நிமிஷக் கணக்கு.

அந்தக் காலத்து அரூர் வட்டாரத்தை நினைச்சா இன்னொண்ணையும் சொல்லாம இருக்க முடியாது. 1992 ஜூன் 20. சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி. சந்தன மரம் தேடுறோம்னு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து செய்த கொடுமை. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்று சொன்னது. அதில் உயிரோடு இருந்த 215 பேருக்குத் தண்டனை. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இதை ஏன் இங்கே சொல்றேன் என்றால், இந்த டாக்டர் தம்பதி வந்தது அது நடந்த மறு வருஷம், அதே வட்டாரத்துக்கு. பேன்ட் சட்டை போட்டு ஜீப்பில் வரும் ஆட்கள் மேல் அந்த மலை மக்களுக்கு அன்றைக்கு என்ன நம்பிக்கை இருந்திருக்கும்? வெளியூர்க்காரன் நல்லது செய்ய வந்தேன் என்று சொன்னா யார் நம்புவாங்க?

அவங்களிடம் நிலம் இல்லை. புறம்போக்கு இடத்தில் ஊர்மக்கள் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். 100 சதுர அடி. நம்ம வீட்டு பெட்ரூம் அளவு. உள்ளே ஒரு பெஞ்ச், ஒரு 100 வாட் பல்பு. சுமார் மூணு வருஷம் அதுதான் ஓ.பி., அதுதான் பிரசவ அறை, சின்னச் சின்ன அறுவை சிகிச்சையும் அங்கேயேதான். 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்று அமைப்புக்குப் பேர் வச்சாங்க. 1996-ல் நண்பர்களும் தெரிஞ்சவங்களும் கொடுத்த பணத்தில் 10 படுக்கை மருத்துவமனை வந்தது. இன்றைக்கு 35 படுக்கை.

இந்தக் கதையை யூடியூபில் நிறைய பேர் சொல்லியிருக்காங்க. எல்லாத்துலயும் 'தியாகம்' என்ற வார்த்தை வரும். பின்னாடி வயலின் வேற. எனக்கு அதில் உடன்பாடில்லை. தியாகம் என்று சொல்லிட்டா அதைப் பார்த்து நாம செய்ய ஒண்ணுமில்லைன்னு ஆயிடும். கும்பிடு போட்டுட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவோம். அவங்க அங்கே செஞ்சது என்ன என்பதை வேலையாகப் பார்ப்போம்.

முதல்ல, அந்த ரெண்டு துறை.

சிசேரியன் செய்ய என்ன வேணும்? அறுக்க ஒரு மகப்பேறு மருத்துவர். மயக்கம் கொடுக்க ஒரு மயக்க மருந்து மருத்துவர். இதில் ஒருத்தர் இல்லைன்னாலும் இன்னொருத்தர் இருந்து பிரயோஜனம் கம்மி. அரசு வேலையில் இருக்கும் எல்லா டாக்டருக்கும் இது தெரியும். மகப்பேறு நிபுணர் போஸ்ட் நிரம்பியிருக்கும், மயக்க மருந்து போஸ்ட் காலி. ராத்திரி ரெண்டு மணிக்கு 'ரெஃபர்' என்று எழுதி ஆம்புலன்ஸில் ஏத்தறதுதான் வழி. பேப்பரில் 'ஒரு நிபுணர் இருக்கார்' என்று கணக்கு இருக்கும், தாய்க்கு அதனால் ஒண்ணும் ஆகாது.

சிட்லிங்கில் இந்த ரெண்டும் ஒரே வீட்டில் இருந்தது. அது அதிர்ஷ்டம் என்று கூட சொல்லலாம். ஆனா ஒரு டாக்டர் தனியாகப் போவதுக்கும் ஒரு டீமாகப் போவதுக்கும் உள்ள வித்தியாசம் கூட்டல் கணக்கு இல்லை என்பதை அது காட்டுது.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். நர்ஸ் எங்கிருந்து வந்தாங்க?

வெளியூரிலிருந்து நர்ஸைக் கூட்டிட்டு வந்து அந்த மலைக்குள்ளே வச்சிருக்க முடியாது. வந்தாலும் ஆறு மாசம். அதனால் பள்ளத்தாக்குப் பெண்களையே எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்னுபோன பழங்குடிப் பெண்கள். அவங்களுக்கு உட்கார வச்சு வருஷக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது, ஆபரேஷன் தியேட்டரில் உதவி செய்வது, லேப் வேலை எல்லாம். அதோடு ஒவ்வொரு ஊரிலிருந்தும் வயசில் மூத்த பெண்களை ஊர்மக்களே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அவங்க வேலை ஊருக்குள்ளே. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிறந்த குழந்தையின் எடை பார்ப்பது, சூடாக வச்சிருக்காங்களா, தாய்ப்பால் சரியா போகுதா, மூச்சு வேகமா இருக்கா என்று பார்ப்பது.

கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா 147 குறைந்தது பெரும்பாலும் இந்த மாதிரி வேலையாலதான் என்பது என் கணிப்பு. பிறந்த குழந்தைகள் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் அரிய நோய்கள் இல்லை. குளிர்ந்து போவது, கிருமித் தொற்று, எடைக்குறைவு, நிமோனியா, வயிற்றுப்போக்கு. இதையெல்லாம் முதல் நாளிலேயே கண்டுபிடிக்கணும். அதுக்கு டாக்டர் வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு ஆள் வேணும்.

இன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் அந்த எண் 20-ஐ ஒட்டி வந்திருக்கு. மருத்துவமனையில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்களே.

'பக்கத்து வீட்டு ஆள்' என்று சொன்னேனே, அது சிட்லிங்கில் மட்டும் நடந்ததில்லை. வேலூர் சி.எம்.சி.யில் படிச்ச ரஜினிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதி 1970-ல் மகாராஷ்டிராவில் ஜாம்கேட் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கு, அதில் தலித் பெண்கள் நிறைய, பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர் ஆக்கினார்கள். 1975-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட புத்தகத்தில் ஜாம்கேட் ஒரு பாடமாக வந்தது. 1978-ல் அல்மா ஆட்டா மாநாட்டில் உலக நாடுகள் எல்லாம் கூடி '2000-க்குள் அனைவருக்கும் நலம்' என்று சொன்னப்போ, ஆரம்ப சுகாதாரம் என்ற பேச்சுக்குப் பின்னாடி இந்த மாதிரி ஊர்கள் இருந்தன.

அப்புறம் அபய் பங், ராணி பங். 1986-ல் மகாராஷ்டிராவின் கட்சிரோலிக்குப் போனவர்கள். அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், கிருமித் தொற்று இருந்தால் ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். 1999-ல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. பிறந்த முதல் மாதத்து இறப்பு 1000-க்கு 62-ஆக இருந்தது, மூணு வருஷத்தில் 26-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. கிராமத்துப் பெண் ஊசி போடலாமா என்று அப்போ பெரிய சண்டை. இன்றைக்கு நாடு முழுக்க ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் திட்டத்துக்கு விதை அதுதான்.

நம்ம தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சது, பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். வீடு தேடி பி.பி., சுகர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது அந்தந்த ஊர்ப் பெண்கள்தான்.

இப்போ அரசாங்கம் டாக்டரை எப்படி கிராமத்துக்கு அனுப்பியது என்ற கதைக்கு வர்றேன். கொஞ்சம் கசப்பாதான் இருக்கும்.

1946-ல் போர் குழு அறிக்கை வந்தது. சண்டை இல்லீங்க, ஜோசப் போர் என்பவர் தலைமையில் அமைஞ்ச குழு. நம்ம நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்புக்கே அதுதான் அஸ்திவாரம். 40,000 பேருக்கு ஒரு நிலையம் என்று தொடங்கச் சொன்னாங்க. இன்றைக்கு சமவெளியில் 30,000 பேருக்கு ஒண்ணு, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒண்ணு என்பது கணக்கு.

அந்த அறிக்கை வந்தப்போ நாட்டில் ரெண்டு வகை டாக்டர்கள். பட்டம் பெற்றவர்கள் 17,654 பேர். எல்.எம்.பி. என்ற லைசென்ஸ் படிப்பு முடிச்சவர்கள் 29,870 பேர். உங்க தாத்தா பாட்டி காலத்தில் 'எல்.எம்.பி. டாக்டர்' என்று கேள்விப்பட்டிருப்பீங்க. கிராமத்திலும் சின்ன ஊரிலும் வைத்தியம் பார்த்ததில் அவங்க பங்கு பெரிசு. குழு என்ன சொன்னது தெரியுமா? அந்தப் படிப்பை மூடிட்டு, இனி ஒரே தரமான எம்.பி.பி.எஸ். மட்டும். கிராமத்து மனுஷனுக்கு மட்டும் ஏன் குறைஞ்ச படிப்பு டாக்டர் என்பது வாதம். நியாயமான வாதம்தான். குழுவிலேயே சிலர் எதிர்த்து எழுதினார்கள்: இப்போதைக்கு ஆள் எண்ணிக்கை வேணும் என்று. அதுவும் நியாயம்.

பெரும்பான்மை ஜெயிச்சது. தரம் கூடியது. ஆனா எம்.பி.பி.எஸ். படிச்சவன் கிராமத்துக்குப் போவான் என்பது அறிக்கையில் நம்பிக்கையாகத்தான் இருந்தது. 75 வருஷத்துக்கு மேல் ஆச்சு, அந்த நம்பிக்கையை நிறைவேத்த அரசுகள் தலைகீழா நின்னு பாக்குது. பாண்டு போட்டாங்க. கட்டாய சேவை என்றாங்க. அப்புறம் மார்க் கொடுத்தாங்க.

மார்க் கதை தெரியாதவங்களுக்கு: தொலைதூர, கடினமான பகுதியில் அரசு சேவை செய்தால், மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணில் வருஷத்துக்கு 10 சதவீதம் வரை கூடுதல், அதிகபட்சம் 30 சதவீதம். இது அப்போதைய இந்திய மருத்துவ கவுன்சில் கொண்டுவந்த விதி. அதோடு தமிழ்நாட்டில் அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு என்ற பழைய வழக்கம். அதுக்கு எதிரா வழக்கு வந்து, 2020 ஆகஸ்ட் 31-ல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு கொடுத்தது. நாங்க எல்லாம் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடின நாள் அது.

நான் அந்த ஒதுக்கீட்டை முழுசா ஆதரிக்கிறேன். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் இருக்காங்க என்றால் அதுக்கு இது பெரிய காரணம். வட மாநில நண்பர்களைக் கேட்டுப் பாருங்க, புரியும்.

ஆனா அதுக்குள்ளே ஒரு முரண் இருக்கு. மலைக்கு வர்ற டாக்டர், மலையை விட்டுப் போவதற்காகவே வர்றார். ரெண்டு வருஷம், மூணு வருஷம். மூட்டையைப் பிரிக்கவே மாட்டார். வாடகை வீட்டில் ஒரு பாய், ஒரு இண்டக்ஷன் ஸ்டவ், ஒரு மலை அளவு புத்தகம். ராத்திரி கேள்வித்தாள் பயிற்சி. ஊர்மக்களுக்கும் தெரியும். "இந்த சார் எப்போ போவார்?" என்றுதான் கேட்பாங்க. மேற்படிப்பு முடிச்சதும் அவர் நிபுணர். நிபுணருக்கு வேலை பெரிய ஊர் மருத்துவமனையில். இதில் யாரையும் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. அவருக்குப் பதில் அடுத்த ஆள் வருவார், ஓ.பி. நிக்காது. ஆனா ஏழு வருஷமா பி.பி. மாத்திரை சாப்பிடும் ஆயாவுக்கு அஞ்சு டாக்டர் மாறியிருப்பாங்க. கிராம சுகாதார செவிலியர் அக்கா மட்டும் மாறியிருக்க மாட்டாங்க. எந்த வீட்டில் யாருக்கு என்ன என்பது அவங்க தலையில்தான் இருக்கு.

நானும் இந்த வரிசையில்தான் நிக்கறேன். இந்த வருஷம் எனக்கு சர்வீஸ் கோட்டாவில் மேற்படிப்புக்கு வாய்ப்பு இருக்கு. பாப்பாவை அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்பு சேர்க்கணும். வீட்டம்மாவுக்கு தர்மபுரியில் பேங்க் வேலை, டிரான்ஸ்ஃபர் சுலபமில்லை. எம்.பி.பி.எஸ். மட்டும் என்றால் சொந்தக்காரங்க கல்யாணத்தில் கூட "ஸ்பெஷலிஸ்ட் இல்லையா தம்பி?" என்று கேட்பாங்க. போகணுமா, இருக்கணுமா என்று வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் பேச்சு. அதனாலதான் சிட்லிங் கதையை நான் கும்பிடு போடும் கதையா இல்லாம, கணக்குப் பார்க்கும் கதையா படிக்கறேன்.

கணக்கு பார்த்தா எனக்குத் தெரிவது இது. 1993-ல் அவங்க எடுத்த முடிவு ஒரு முடிவு. அதுக்கப்புறம் முப்பது வருஷம் அங்கே இருந்ததுக்குக் காரணம் வேற. அந்த ஊரை அவங்க தங்கக்கூடிய ஊரா மாத்தினாங்க, ஊரும் அவங்களைத் தங்க விட்டது.

உதாரணம் பாருங்க. நோயைப் பார்த்துக்கிட்டே போனவங்களுக்கு ஒரு கட்டத்தில் புரிஞ்சது, வயலில்தான் பாதி பிரச்சனை என்று. கடன் வாங்கி உரமும் பூச்சிமருந்தும் வாங்கறாங்க, விளைச்சல் கைக்கு நிக்கலை, வேலை தேடி ஊரை விட்டுப் போறாங்க, குழந்தைக்கு எடை குறையுது. அதனால் 2000-களின் நடுவில் நாலு விவசாயிகளோடு இயற்கை விவசாயம் ஆரம்பிச்சாங்க. இன்றைக்கு பல நூறு குடும்பங்கள் இருக்கும் விவசாயிகள் சங்கம் அது. சிறுதானியத்தை நேரடியா விக்கறாங்க.

லம்பாடிப் பெண்களின் பூத்தையல் வேலை. அந்தப் பள்ளத்தாக்கில் அதைச் சரியாகத் தெரிஞ்சவங்க ரெண்டு பாட்டிகள் மட்டும்தான் மிச்சம் இருந்தாங்க. அவங்களை வச்சு இளம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்து, 'பொர்காய்' என்று ஒரு கைவினைக் குழு. லம்பாடி மொழியில் பெருமை என்று அர்த்தம். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுக்கலாம். கையில் சொந்தக் காசு இருந்தா முட்டையும் கீரையும் அவளே வாங்குவா. ரெண்டும் வைத்தியம்தான்.

பள்ளிக்கூடம்? படிச்ச ஆட்கள் கிராமத்தை விட்டு ஓடுவதுக்கு நிஜமான முதல் காரணம் பிள்ளைகளின் படிப்புதான். நான் உட்பட. சிட்லிங்குக்கு 2000-களின் தொடக்கத்தில் இன்னொரு தம்பதி குடிவந்தது. தொழில் கட்டடக்கலை. 'துளிர்' என்ற கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். அதுக்கப்புறம் இன்னும் சிலர் வந்து போனாங்க, சிலர் தங்கினாங்க. ஒருத்தர் போன இடத்துக்கு நாலு பேர் போனா, பேச்சுத்துணை இருக்கும், சண்டை போட ஆள் இருக்கும், நாலு நாள் லீவு போட்டா பார்த்துக்க ஆள் இருக்கும். கிராமத்தில் வேலை செய்யும் டாக்டரைக் கொல்வது பெரும்பாலும் வேலைப்பளு இல்லை. தனிமை.

இப்போ, நிலம் வாங்க வரும் நண்பர்களுக்கு. 'பக்கத்துல நல்ல ஆஸ்பத்திரி இருக்கா' என்று கேட்டீங்கல்ல. கூகுள் மேப்பில் சிவப்புக் குறி எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்க்காதீங்க. அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் பேரைத் தெரிஞ்சுக்கோங்க, நம்பர் வாங்கிக்கோங்க. பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் இடம் எது என்று கேளுங்க. பாம்பு கடிச்சா கட்டு போடாதீங்க, கீறாதீங்க, மந்திரிக்கப் போகாதீங்க, அசையாம படுக்க வச்சு 108. கர்ப்பிணி வீட்டில் இருந்தால் ராத்திரியில் சிசேரியன் நடக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே மயக்க மருந்து டாக்டர் இருக்காரா என்று முன்கூட்டியே கேட்டு வைங்க. ஏன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

வார இறுதிக்கு மட்டும் வந்து போற பண்ணை வீடு என்றால் நான் சொல்ல ஒண்ணுமில்லை, நல்லா இருங்க. இங்கேயே வாழ வர்றீங்கன்னா, அந்த ஊர் அரசுப் பள்ளியில் உங்க பிள்ளையைச் சேர்ப்பீங்களா என்று முதல்ல வீட்டில் பேசிடுங்க. சேர்த்தீங்கன்னா அந்தப் பள்ளிக்கு ஒரு டாய்லெட் கதவாவது சீக்கிரம் வரும்.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு. மலைப்பகுதி போஸ்டிங் எடுக்கறதா இருந்தா, நண்பர்கள் ரெண்டு மூணு பேரா சேர்ந்து பக்கத்து பக்கத்து நிலையமா எடுங்க. மார்க்குக்காக வந்தாலும் பரவாயில்லை, அதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை. போகும்போது ஒரு வேலையைச் செஞ்சுட்டுப் போங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை, பச்சிளம் குழந்தைக்கு மூச்சு கொடுப்பதோ, ரத்தப்போக்கு நிறுத்துவதோ, அங்கேயே இருக்கப்போகும் செவிலியர் அக்காவுக்கு உங்க கை இல்லாமலே செய்யும் அளவுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க. பத்து தடவை பொம்மையில் செஞ்சு காட்டச் சொல்லுங்க. நீங்க கிளம்பின மறுநாள் ராத்திரி ஒரு குழந்தை அழாம பிறக்கலாம்.

நாளைக்கு ஓ.பி. இருக்கு, சந்தை நாள் வேற, கூட்டம் அள்ளும். சிட்லிங் பக்கத்து ஆட்கள் யாராவது படிச்சா, நான் விட்டதைக் கீழே எழுதுங்க. கேள்வி இருக்கறவங்களும் கேளுங்க, ராத்திரி வந்து பதில் சொல்றேன்.